சென்னை மழைநீர் வடிகால்: தண்ணீர் எத்தனை மணிக்கு வடிந்தது?

ஐப்பசி பிறந்து முதல் பெரிய மழை விழுந்ததும் சென்னையில் ஒரே சண்டைதான். ஒரு தரப்பு பாதி மூழ்கிய காரின் படத்தைப் போட்டு "வடிகாலுக்குப் போட்ட நாலாயிரம் கோடி எங்கே?" என்று கேட்கும். இன்னொரு தரப்பு காய்ந்து கிடக்கும் தி.நகர் சுரங்கப்பாதையின் படத்தைப் போட்டு "இதோ இங்கே" என்று சொல்லும். இரண்டு படமும் உண்மையாக இருக்கலாம், ஒரே நாளில் எடுத்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு சென்னை மாநகராட்சியின் மழைநீர் வடிகால் திட்டம் தேறியதா, தேறவில்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

அரசு நமக்குத் தருவது இரண்டே அளவுகள்: கிலோமீட்டர், கோடி. எத்தனை கிலோமீட்டர் வடிகால் கட்டினோம், எத்தனை கோடி செலவழித்தோம். எதிர்க்கட்சியும் அதே இரண்டைத்தான் திருப்பி வீசுகிறது. இது சாப்பாட்டுக் கடையை எத்தனை மூட்டை அரிசி வாங்கினார்கள் என்று பார்த்து மதிப்பிடுவது மாதிரி. எனக்குத் தெரிந்து உருப்படியான அளவு ஒன்றுதான். இன்ன தெருவில், இன்ன அளவு மழைக்கு, தண்ணீர் எத்தனை மணி நேரம் நின்றது? அந்தக் கணக்கு தெருவாரியாக, வருடாவருடம், எவரும் எடுத்துப் பார்க்கும்படி கிடைத்தால் பாதிச் சண்டை தானாகத் தீர்ந்துவிடும்.

சரி, முதலில் எவ்வளவு பெரிய வேலை இது என்று பார்த்துவிடலாம். 2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக ஒரே நாளில் ஊதிப்போனது. அம்பத்தூர், ஆலந்தூர், வளசரவாக்கம், மாதவரம், மணலி, திருவொற்றியூர், சோழிங்கநல்லூர் எல்லாம் உள்ளே வந்தன. வந்த பகுதிகளில் பெரும்பாலான இடத்தில் வடிகால் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, வீட்டைச் சுற்றி ஏரியும் அதன் உபரிநீர் ஓடையும்தான். அதனால் நகரத்தை நான்கு ஆற்றுப்படுகைகளாகப் பிரித்து வேலையை எடுத்தார்கள். அடையாறு, கூவம் இரண்டுக்கும் உலக வங்கிக் கடன், வடக்கே கொசஸ்தலையாற்றுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி, தெற்கே கோவளத்துக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி. கொசஸ்தலையாறு ஒன்றுக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கி ஒதுக்கியது 25.1 கோடி டாலர். 588 கிலோமீட்டருக்குப் புது வடிகால், 175 கிலோமீட்டர் பழையதைச் சீரமைக்க. நகரத்தின் உட்பகுதிக்கு சிங்காரச் சென்னை 2.0 மாதிரி மாநில அரசுத் திட்டங்கள். எல்லாம் சேர்த்து இன்று ஊரில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வடிகால் இருக்கிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் போனால் இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தண்ணீர் என்று பிரிக்க வேண்டும். இதைப் பிரிக்காமல் பேசுவதுதான் நம் விவாதங்களின் பெரிய கோளாறு.

2015 டிசம்பர் 1 நமக்கெல்லாம் நினைவிருக்கும். அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த தண்ணீர் வினாடிக்கு 29,000 கன அடி, அதோடு தாம்பரம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரியும் சேர்ந்து அடையாறு கரையை உடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்தது. இது ஆற்று வெள்ளம். மத்திய கணக்குத் தணிக்கைத் துறை பின்னால் இதை மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே எழுதியது. ஏரி நிர்வாகத்தைக் கேள்வி கேட்க வேண்டிய சம்பவம் அது. தெரு வடிகால் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்று ஒன்றும் செய்திருக்க முடியாது, அதன் தலையில் கட்டுவது அநியாயம். 2021 நவம்பர் 7 வேறு கதை. ஒரே இரவில் நுங்கம்பாக்கத்தில் 21 செ.மீ. மழை, ஆறு கரை தாண்டவில்லை, ஆனால் தி.நகர், மாம்பலம், கொளத்தூர், புளியந்தோப்பு எல்லாம் நாள்கணக்கில் மிதந்தன. இதுதான் அசல் வடிகால் பிரச்சினை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மூன்றாவது ரகம்: இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை, புயல் கரைக்கு அருகிலேயே நகர்ந்துகொண்டிருந்ததால் கடல் வேறு உயர்ந்து நின்றது, ஆறும் கால்வாயும் நிரம்பிவிட்டன, தெருவில் இருந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

மூன்று தேர்வுக்கும் ஒரே மார்க் ஷீட் போட முடியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்பட வேண்டாம், நான்கு கூட்டல் பெருக்கல்தான். பத்து ஹெக்டேர் பரப்புள்ள ஒரு குடியிருப்பு, அதாவது சுமார் 25 ஏக்கர், ஏழெட்டுத் தெரு. கான்கிரீட்டும் தாரும் போட்ட இடம் என்பதால் விழும் மழையில் 80 சதவீதம் அப்படியே ஓடிவரும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 மி.மீ. வேகத்தில் மழை பெய்தால் வினாடிக்கு 1,100 லிட்டர் தண்ணீர் வரும். கோடையில் வாங்குகிறோமே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதில் ஒன்றை பதினோரு வினாடிக்கு ஒருமுறை தெருமுனையில் திறந்துவிட்ட மாதிரி. இதை வாங்கிக்கொள்ள ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு வடிகால் இருக்கிறது. சென்னை சப்பைத் தட்டை ஊர், கடலுக்குப் பக்கத்தில் சில மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு கிடைத்தாலே பெரிய விஷயம். அந்தச் சரிவில் சுத்தமான, விளிம்பு வரை நிரம்பி ஓடுகிற நம் வடிகால் வினாடிக்கு 720 லிட்டர்தான் கொண்டுபோகும். மீதி 380 லிட்டர் சாலையில் நிற்கும். அதே மழை மணிக்கு 30 மி.மீ. என்றால் வருவது 670 லிட்டர், வடிகால் சமாளித்துவிடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? "ஒரு நாளில் 20 செ.மீ. பெய்தது" என்ற செய்தி வடிகாலுக்கு அரைத் தகவல்தான். அந்த 20 செ.மீ. 24 மணி நேரத்தில் நிதானமாகப் பெய்தால் ஒன்று, 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகல் எம்.ஆர்.சி. நகர் பக்கம் யாரும் எதிர்பாராமல் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததே, அப்படிப் பெய்தால் முற்றிலும் வேறு. எந்த நகரமும் எல்லா மழைக்கும் வடிகால் கட்டாது, கட்டவும் முடியாது. இரண்டு முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்குத்தான் பொதுவாக அளவெடுப்பார்கள். அதற்கு மேல் வந்தால் தண்ணீர் நிற்கும், கொஞ்ச நேரத்தில் வடியும். இதை மக்களிடம் நேராகச் சொல்வதற்கு எந்த ஆட்சிக்கும் தைரியம் வந்ததில்லை. "இனி ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்காது" என்று மேடையில் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வார்கள், அந்தப் பேச்சு ஒவ்வொரு மழைக்கும் வாட்ஸ்அப்பில் திரும்ப வரும்.

மேலே சொன்ன கணக்கில் "சுத்தமான" என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், வினையே அங்கேதான். அதே வடிகாலில் கால் மீட்டர் மண் படிந்தால் 720 லிட்டர் 500 ஆகிவிடும். பாதி ஆழம் மண் என்றால் பாதிக் கொள்ளளவாவது மிஞ்சும் என்றுதானே தோன்றும்? மிஞ்சாது, 300 லிட்டர்கூட வராது. தண்ணீர் போகும் இடம் குறைவதோடு போகும் வேகமும் குறைகிறது. எனவே தூர்வாராமல் விட்ட 100 கோடி ரூபாய் வடிகால் வேலை என்பது, கட்டி முடித்த மூன்றாம் வருடம் 40 கோடி ரூபாய் வடிகாலாக நிற்கலாம். புதிதாகக் கட்டத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. தூர்வார எதுவும் இல்லை.

தூர்வாருவதைவிடச் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாலைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்குகிற அந்த இரும்புச் சல்லடை போட்ட வண்டல் தொட்டி. அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் தெருவில் குனிந்து ஒன்றைப் பாருங்கள். சல்லடைக் கண்களில் டீ கப், குட்கா பாக்கெட், வேப்பஞ்சருகு, எப்போதோ போன விசேஷத்தின் வாழை இலைத் துண்டு அடைத்துக்கொண்டிருக்கும். இன்னும் சில இடங்களில் சல்லடை சாலையைவிட இரண்டு அங்குலம் மேலே இருக்கும், தண்ணீர் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். எதிர்மாறாகவும் உண்டு: பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, சல்லடையும் வீட்டு வாசலும் சேர்ந்து பள்ளத்தில் போயிருக்கும். வடிகால் உள்ளே காலியாக, மேலே சாலையில் முழங்கால் தண்ணீர். ஒரு ஆள் இரும்புக் கம்பியால் நாலு குத்துக் குத்தினால் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும், எல்லோரும் கைதட்டுவார்கள். ஒப்பந்தக் கணக்கில் அந்த வடிகால் நூற்றுக்கு நூறு முடிந்த வேலை.

சரி, தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அப்புறம் எங்கே போகும்?

தி.நகரை எடுத்துக்கொள்வோம். நூறு வருடத்துக்கு முன் அது ஏரி. மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் போட்ட மனைதான் இன்று நாம் துணி எடுக்கப் போகும் தியாகராய நகர். மேற்கு மாம்பலத்திலிருந்து கோடம்பாக்கம் வரை பள்ளமாக இருப்பது தற்செயல் அல்ல, தண்ணீர் தன் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறது. அந்தத் தண்ணீரை அடையாற்றுக்குக் கொண்டுபோக இருப்பது மாம்பலம் கால்வாய் ஒன்றுதான், வள்ளுவர் கோட்டம் பக்கம் தொடங்கி நந்தனம் அருகே ஆற்றில் விழுகிறது. 2021-ல் அந்தக் கால்வாயை அழகுபடுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது; உள்ளே கட்டுமானக் கழிவு கிடந்த நிலையில்தான் நவம்பர் மழை வந்தது. ஸ்மார்ட் சிட்டி பணத்தில் நடைபாதை பளபளத்த தெருக்களில் படகு ஓடியது. அதற்குப் பிறகுதான் வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு அமைத்தார்கள். அந்தக் குழு சொன்னபடி தி.நகர், கொளத்தூர் பக்கம் அவசர அவசரமாக வேலை நடந்து, 2022 பருவமழையில் அந்த இடங்களில் தண்ணீர் வேகமாக வடிந்தது என்பது அங்கே இருப்பவர்களே ஒப்புக்கொண்ட விஷயம். குழுவின் இறுதி அறிக்கை 2023-ல் முதல்வர் கைக்குப் போனது. டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அது பொதுமக்கள் படிக்கும்படி வெளிவந்திருக்கவில்லை. நம் தெருவைப் பற்றிய மருத்துவ அறிக்கையை நமக்கே காட்டாமல் வைத்திருப்பது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

கால்வாயிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடல். கூவம், அடையாறு, எண்ணூர் மூன்றின் முகத்துவாரத்திலும் கடல் மணலைக் கொண்டுவந்து மேடு கட்டும். அதை வெட்டிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருக்கிற 3,000 கிலோமீட்டரும் மூடிய பாட்டில்தான். பக்கிங்ஹாம் கால்வாயின் நடுவிலேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டிருக்கிறோம். இதில் இன்னொரு கூத்து, தெருவோர வடிகால் மாநகராட்சி, பெரிய சாலை ஓர வடிகால் நெடுஞ்சாலைத் துறை, ஆறும் பெரிய கால்வாயும் நீர்வளத் துறை, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியம், குறுக்கே போகும் கேபிள் மின்வாரியம், அதற்கும் கீழே மெட்ரோ ரயில். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. மாநகராட்சி வடிகால் வந்து சேரும் இடத்தில் நெடுஞ்சாலைத் துறை வடிகாலின் அடிமட்டம் அரை அடி மேலே இருந்தால், இருவர் கோப்பிலும் வேலை முடிந்தது, தண்ணீர் மட்டும் நடுவில் நிற்கும்.

சாக்கடை விஷயத்தில் என் பங்குக்கு ஒரு வாக்குமூலம். முன்பு நான் குடியிருந்த ஓர் அடுக்ககத்தில் பதினெட்டு வீடு. மழைக்காலத்தில் பாதாளச் சாக்கடை நிரம்பி, தரைத்தளத்து வீட்டுக் குளியலறையில் பொங்கி வரும். இரண்டு வருடம் பார்த்தோம். மூன்றாம் வருடம் ஒரு பிளம்பர் வந்தார், ராத்திரி பத்து மணிக்கு மேல் நான்கு அங்குலக் குழாய் ஒன்றை இழுத்து வெளியே மழைநீர் வடிகாலில் விட்டுவிட்டுப் போனார். பராமரிப்புக் கணக்கு நோட்டில் "குழாய் வேலை" என்று எழுதினோம், யாரும் என்ன குழாய் என்று கேட்கவில்லை, நானும்தான். இப்படி எத்தனை அடுக்ககமோ. அதன் பிறகு அந்த வடிகாலில் கோடையிலும் தண்ணீர் ஓடும், கறுப்பாக. மழை வருவதற்கு முன்பே கால்வாசி நிரம்பியிருக்கும் வடிகால் மழையை எங்கே வாங்கும்? சகதி இறுகிப்போகும், கொசு வரும், தூர்வார இறங்குகிறவருக்கு விஷவாயு அபாயம் வரும். மாநகராட்சியை மதிப்பிடும்போது இந்தக் களவாணி இணைப்புகளைக் கண்டுபிடித்து அடைத்தார்களா என்பது ஒரு பெரிய கேள்வி, ஆனால் அதில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பட்டியலில் நாமும் இருக்கிறோம்.

வடிகாலே வேண்டாத இடத்தில் வடிகால் போடுவதும் நடந்திருக்கிறது. கிழக்கு கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கத்திலிருந்து உத்தண்டி வரை மணல் பூமி. எவ்வளவு மழை பெய்தாலும் மணல் உறிஞ்சி நிலத்தடிக்கு அனுப்பிவிடும், அந்தப் பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஏறாமல் காப்பதே அந்தத் தண்ணீர்தான். அங்கே கான்கிரீட் பெட்டி போட்டு மழையைக் கடலுக்கு அனுப்பப் போகிறோம் என்று கோவளம் படுகைத் திட்டத்தில் வந்தார்கள். குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள், விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது, திட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. கிலோமீட்டரை மட்டும் அளவாக வைத்தால் இப்படித்தான் ஆகும். வடிகால் போடாமல் விட்ட மணல் தெருவுக்கு மதிப்பெண் கிடையாதே.

பள்ளிக்கரணையும் அதே கணக்குதான். சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழை அந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் போய்க் கடலில் சேர வேண்டும். சதுப்பில் பெரும்பகுதியைக் குப்பை மேடும் கட்டடங்களும் தின்றுவிட்டன. மிச்சமிருப்பதுக்கு 2022-ல் ராம்சார் பட்டயம், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. வேளச்சேரிக்காரர்கள் மழை எச்சரிக்கை வந்ததும் மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்துகிறார்களே, அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அந்தப் பகுதி மக்களே எழுதிய மதிப்பீட்டு அறிக்கையாகத் தெரிகிறது. 2024-ல் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு எடுத்ததும் அங்கே குளம் வெட்டினார்கள். வடித்துவிடுவதைவிட நிறுத்தி வைப்பதற்கு இடம் தேடியது நல்ல திருப்பம். இன்னும் பத்து வேண்டும்.

என் மதிப்பெண் கேட்டால்: சாதாரணப் பெருமழைக்கு, அதாவது ஆறு கரைக்குள் இருக்கும் நாளில் நகரத்தின் உட்பகுதிக்கு, 2021-ஐவிட இப்போது நிலைமை தேவலை, அதை மறுப்பது வெறும் கட்சிப் பேச்சு. மிக்ஜாம் மாதிரி மழைக்கு இந்தத் திட்டம் தேறவில்லை, இதே பாதையில் இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் கட்டினாலும் தேறாது, ஏனென்றால் சிக்கல் தண்ணீர் கால்வாயிலும் ஆற்றிலும் கடலிலும் போய்ச் சேர வேண்டிய கடைசி நூறு மீட்டரில் இருக்கிறது. வேலை நடந்த விதத்துக்கு நான் மதிப்பெண்ணே போட மாட்டேன். 2022 அக்டோபரில் தடுப்பு இல்லாத வடிகால் பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்துபோனார். பருவமழை தொடங்கும் மாதம் என்று ஊருக்கே தெரிந்த மாதத்தில் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

இன்னொரு எளிய அளவுகோல் உண்டு, யாரும் கவனிப்பதில்லை: மோட்டார். ஒவ்வொரு மழைக்கும் தெருமுனையில் டீசல் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கிறார்கள் இல்லையா, அமைச்சர்கள்கூட "இத்தனை மோட்டார் தயார்" என்று பெருமையாகப் பேட்டி கொடுக்கிறார்கள். வடிகால் வேலை செய்தால் அந்த எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் இறங்க வேண்டும். ஒரே இடத்தில் ஐந்து வருடமாக மோட்டார் நிற்கிறது என்றால் அந்த இடத்து வடிகால் எங்கோ சேரவில்லை என்று அர்த்தம். மண்டல அலுவலகத்தில் மோட்டார் வாடகைப் பட்டியல் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்குக் கேட்டு வாங்கலாம்.

உங்கள் வார்டில் பகுதி சபா, அதாவது அந்தப் பகுதி மக்களின் கூட்டம், போட்டால், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கும். உதவிப் பொறியாளரிடம், நம் தெரு வடிகாலின் கடைசி முனை எந்தக் கால்வாயில் விழுகிறது, அந்த இடத்தில் வடிகாலின் அடிமட்டம் கால்வாயின் வெள்ள மட்டத்துக்கு மேலா கீழா என்று கேளுங்கள். கீழே என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி மோட்டாரை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதுதான்.